எட்ஜை எப்போது திருப்புவது?

கடைசல் டூலில் பொருத்தும் கார்பைடு இன்சர்ட்டின் ஒரு முனையில், அதாவது எட்ஜில், எத்தனை ஜாப் ஓட்டலாம்? ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை வட்டாரத்தில் வாகன ஆலைகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகளில் இதைக் கேட்டால் ஆளுக்கொரு எண் வரும். ஆபரேட்டர் ஒன்று சொல்வார், செட்டர் வேறொன்று சொல்வார், ஸ்டோரில் இன்சர்ட் எடுத்துக் கொடுப்பவர் இரண்டையும் நம்பமாட்டார். கேட்டலாக்கில் போட்டிருக்கும் வெட்டுவேகம் பெரும்பாலும் 15 நிமிட ஆயுளை அடிப்படையாகக் கொண்டது. அந்தக் குறிப்பைப் படித்துப் பார்ப்பவர் குறைவு. ஒரு முனைக்கு எத்தனை என்ற எண்ணை எழுதி வைப்பதற்கென்றே சிஎன்சி கன்ட்ரோலில் ஒரு பக்கம் இருக்கிறது. பல பட்டறைகளில் எந்திரம் வந்திறங்கிய நாளிலிருந்து அந்தப் பக்கம் காலியாகவே கிடக்கிறது. அது ஏன் காலியாகக் கிடக்கிறது, எந்த எண்ணைப் போட்டு நிரப்புவது, நிரப்பினால் யாருக்கு என்ன பயன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

உத்திரமேரூரிலிருந்து இதைப் பேசக் காரணம் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் இந்த ஊரை வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுக்காக அறிவார்கள். உள்ளூரில் ஏரியும் நெல்லும்தான் இன்றும் முதல் பிழைப்பு. ஆனால் 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கி, 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலையும் வந்த பிறகு, ஐ.டி.ஐ.யோ டிப்ளமாவோ முடித்த கிராமத்துப் பிள்ளைகள் வாலாஜாபாத் சாலையில் ஷிப்ட் பஸ் ஏறிப் போவது வழக்கமாகிவிட்டது. சிஎன்சி எந்திரத்தின் முன்னால் எட்டு மணி நேரம், பல நேரம் பன்னிரண்டு மணி நேரம், நிற்பவர்கள் இவர்கள். டூல் தேய்ந்து ஜாப் கெட்டால் முதல் கேள்வி இவர்களிடம்தான் வரும். ஊரிலேயே இருக்கும் லேத் பட்டறைகளில் கிரஷர் ஷாஃப்டும் டிராக்டர் புஷ்ஷும் கடைபவர்களுக்கு இந்தச் சிக்கல் வேறு மாதிரி. அங்கே டிப் வைத்துப் பற்றவைத்த டூல். சத்தம் மாறினால் நிறுத்தி, கிரைண்டரில் தீட்டி, மறுபடி கட்டுவார்கள். கடைபவரே உரிமையாளர், அவரே தரம் பார்ப்பவர். முடிவெடுக்க இன்னொருவரைக் கேட்க வேண்டியதில்லை. சிஎன்சி வந்ததும் இந்த முடிவு மூன்று நான்கு பேருக்கிடையே பிரிந்துபோனது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் முனை எப்படித் தேய்கிறது என்று பார்க்க வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸில் ஓடிய இன்சர்ட்டைப் பார்த்தால், வெட்டுவிளிம்புக்குக் கீழே பக்கவாட்டில் பளபளப்பான ஒரு பட்டை தெரியும். ஜாப்போடு உரசி உரசி உண்டான தேய்மானம் அது. புது முனையில் முதல் சில நிமிடங்களில் இந்தப் பட்டை வேகமாக வளரும். பிறகு நெடுநேரம் மெதுவாக, ஏறக்குறைய சீராகப் போகும். கடைசியில் சூடு ஏறி, திடீரென்று பாய்ந்துவிடும். அந்தக் கடைசிக் கட்டத்துக்குள் போகுமுன் எடுத்துவிட வேண்டும் என்பதே டூல் ஆயுளின் மொத்தக் கணக்கு. கடைசல் டூல் சோதனைக்கான ஐ.எஸ்.ஓ. 3685 தரநிலை, பட்டையின் சராசரி அகலம் 0.3 மி.மீ.யைத் தொட்டால் கார்பைடு முனையின் ஆயுள் முடிந்ததாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது.

பட்டறையில் இந்த 0.3 ரஃபிங்குக்குப் பொருந்தும்; ஃபினிஷிங்குக்கு அப்படியே பொருந்தாது. சிஎன்எம்ஜி போன்ற இன்சர்ட்டை ஹோல்டரில் கட்டும்போது அதன் கீழ்ச்சாய்வு சுமார் 6 டிகிரி. பட்டை 0.1 மி.மீ. வளர்ந்தாலே விளிம்பு 0.01 மி.மீ. பின்வாங்கும், விட்டத்தில் அது 0.02. பட்டை 0.3 ஆகும்போது விட்டம் 0.06 மாறியிருக்கும். பேரிங் உட்காரும் இடத்துக்கு மொத்தமே 0.02 டாலரன்ஸ் என்றால், தரநிலை சொல்லும் எல்லை வருவதற்கு வெகு முன்பே, ஆஃப்செட்டைத் தொடாமல் விட்டால், ஜாப் கைவிட்டுப் போயிருக்கும். ஆக ஒரே இன்சர்ட்டுக்கு இரண்டு ஆயுள் உண்டு: முனை தாங்கும் ஆயுள், ஜாப் தாங்கும் ஆயுள். கன்ட்ரோலில் எந்த எண்ணைப் போடுகிறோம் என்று கேட்பதற்கு முன், எந்த ஆயுளைப் பற்றிப் பேசுகிறோம் என்று கேட்க வேண்டும்.

இந்தக் கணக்குக்கு முதலில் உருவம் கொடுத்தவர் அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெட்ரிக் டெய்லர். 1880இல் மிட்வேல் எஃகு ஆலையில் தொடங்கி 26 ஆண்டுகள் சோதித்தார். எட்டு லட்சம் பவுண்டுக்கு மேல், அதாவது 360 டன் அளவுக்கு, இரும்பையும் எஃகையும் சீவலாக்கி, 30,000 முதல் 50,000 வரை சோதனைகளைப் பதிவு செய்து, 1906இல் அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் வைத்தார். அவர் கண்ட விதி எளிது. வேகம் கூடினால் ஆயுள் குறையும். கூடிய அளவுக்கு மட்டும் குறையாது, பல மடங்கு குறையும். டெய்லரின் அடுக்கெண் கார்பைடுக்குச் சுமார் 0.25 என்று எடுத்துக்கொண்டால், வேகத்தை 10 விழுக்காடு கூட்டினால் ஆயுள் மூன்றில் இரண்டு பங்காகும்; 20 விழுக்காடு கூட்டினால் பாதிக்கும் கீழே போகும். இரவு ஷிப்டில் டார்கெட்டைப் பிடிக்க ஸ்பிண்டில் வேகத்தை 120 விழுக்காட்டுக்குத் திருப்பி வைக்கும்போது நடப்பது இதுதான். பகல் ஷிப்டுக்காரர் வந்து, இந்த லாட் இன்சர்ட் சரியில்லை என்று சொல்வார். குற்றம் இன்சர்ட்டின் மேல் விழும்.

வேகமும் ஆயுளும் பணமும் சேரும் இடத்தை 1950இல் கில்பர்ட் என்பவர் சூத்திரமாக்கினார். அதைப் பட்டறைக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். எந்திரத்துக்கு மணிக்கு 360 ரூபாய், நிமிடத்துக்கு 6 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 240 ரூபாய் இன்சர்ட்டில் நான்கு முனை. ஒரு முனை 60 ரூபாய், அதாவது 10 நிமிட எந்திரக் கூலி. முனையைத் திருப்ப 2 நிமிடம். இரண்டையும் கூட்டினால் 12. அடுக்கெண் 0.25 என்றால் இதை மூன்றால் பெருக்க வேண்டும்: 36 நிமிடம். செலவு மிகக் குறைவாக வரும் ஆயுள் அது. செலவு எவ்வளவானாலும் உற்பத்திதான் முக்கியம் என்றால் இன்சர்ட் விலையை விட்டுவிட்டு முனை திருப்பும் நேரத்தை மட்டும் மூன்றால் பெருக்க வேண்டும். அப்போது 6 நிமிடம். ஒரே எந்திரம், ஒரே ஜாப், 36க்கும் 6க்கும் இடையே எங்கே நிற்பது என்பதை அந்த வார ஆர்டர்தான் முடிவு செய்கிறது. இதை முதலாளி வாய் திறந்து சொல்லாதவரை ஆபரேட்டருக்குத் தெரிய வழியில்லை.

இனி கன்ட்ரோலுக்கு வருவோம். நம் பக்கத்தில் அதிகம் காணப்படும் ஃபானுக் கன்ட்ரோலில் டூல் ஆயுள் மேலாண்மை குழுக்களாக இயங்குகிறது. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு மூன்று டூல்களை ஒரு குழுவாக்கி, ஜி10 எல்3 என்று தொடங்கும் சிறு புரோகிராம் மூலம் குழு எண்ணையும் ஆயுளையும் பதிகிறோம். ஆயுளை எண்ணிக்கையாகவும் தரலாம், நிமிடமாகவும் தரலாம். நிமிடக் கணக்கில் வெட்டு ஃபீடில் ஓடும் நேரம் மட்டும் கூடும். ரேப்பிட் நகர்வும் ஃபீட் ஹோல்டில் நிற்கும் நேரமும் சேராது. எண்ணிக்கைக் கணக்கில் புரோகிராம் எம்02 அல்லது எம்30 வரை ஓடி முடிந்தால் ஒன்று கூடும். ஆயுள் முடிந்தால் கன்ட்ரோல் பாதி வெட்டில் நிறுத்தாது. அடுத்த முறை அந்தக் குழுவை அழைக்கும்போது அடுத்த டூலை எடுத்துக்கொள்ளும். குழுவில் கடைசி டூலும் முடிந்தால் ஒரு சிக்னல் தரும். அந்த சிக்னலைக் கொண்டு எந்திரம் நிற்குமா, விளக்கு மட்டும் எரியுமா என்பது எந்திரம் கட்டியவர் லேடர் புரோகிராமில் எழுதியதைப் பொறுத்தது. புது எந்திரம் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. கேட்பவர்கள் மிகக் குறைவு. சீமென்ஸ் கன்ட்ரோலிலும் இதே ஏற்பாடு உண்டு; அங்கே மாற்று டூல்களுக்கு டூப்ளோ எண் தருவார்கள், முடிவதற்குச் சற்று முன்பே எச்சரிக்கும் எல்லையும் தனியாக வைக்கலாம்.

படிக்க நன்றாக இருக்கும் இந்த ஏற்பாடு சிறு பட்டறைகளில் காலியாகக் கிடப்பதற்குச் சோம்பலை மட்டும் காரணமாகச் சொல்வது நியாயமில்லை. பெரும்பாலான சிறு டர்னிங் சென்டர்களில் டரட்டில் எட்டு இடம்தான். ஒரு ஜாப்புக்கு ஆறு டூல் போனால் மீதி இரண்டு. எல்லா டூலுக்கும் மாற்று டூல் வைக்க இடம் எங்கே? இருபது, இருபத்துநான்கு டூல் கொள்ளும் விஎம்சியில் (செங்குத்து மெஷினிங் சென்டரில்) குழு வைப்பது சுலபம். லேத்தில் அது அரிது. எட்டு இடம் உள்ள எந்திரத்தில் டூல் ஆயுள் மேலாண்மை என்பது எண்ணி நிறுத்துவது என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். அதற்குக் குழு வசதியே வேண்டாம், மேக்ரோ போதும்.

மேக்ரோ மூன்று வரி. 500 வரிசையில் ஒரு மாறியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஜாப்புக்கும் ஒன்று கூட்டிக்கொண்டே வந்து, எல்லையைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். 500 வரிசை மின்சாரம் போனாலும் அழியாது. 100 வரிசையில் வைத்தால் ஒரு பவர் கட்டில் எல்லாம் அழிந்துவிடும். நிறுத்துவதில் இரண்டு வழி உண்டு. 3006ஆம் மாறி செய்தியைக் காட்டி நிற்கும். சைக்கிள் ஸ்டார்ட் அழுத்தினால் மேலே ஓடும். 3000ஆம் மாறி அலாரம் கொடுக்கும். ரீசெட் பண்ணாமல் ஓடாது. அவசரத்தில் இருப்பவர் பச்சை பட்டனை அழுத்தத்தான் செய்வார் என்பதால் 3000த்தையே பரிந்துரைப்பேன். சோதனை வரியைப் புரோகிராமின் தொடக்கத்தில், டூல் ஜாப்பை நெருங்குவதற்கு முன் எழுத வேண்டும்.

சில பொறிகள் உண்டு. பார் ஃபீடரோடு எம்99 போட்டுச் சுற்றிச் சுற்றி ஓடும் புரோகிராம் எம்30ஐத் தொடவே தொடாது. அதனால் கன்ட்ரோலின் ஆயுள் எண்ணிக்கை ஏறாமல் அப்படியே நிற்கும். அதற்கென்று உள்ள தனி எம் கோடைப் பாராமீட்டரில் வைத்துப் புரோகிராமில் சேர்க்க வேண்டும். கிராமப்புற மின்சாரத்தால் வருவது இன்னொன்று. வெட்டு நடுவே கரண்ட் போனால் முனை ஜாப்பில் மாட்டியபடி நின்று, பெரும்பாலும் சிதறும். கணக்குப்படி அது பத்தே ஜாப் ஓடிய புது முனை. உண்மையில் அது முடிந்துபோன முனை. கரண்ட் திரும்பியதும் கணக்கை நம்பி ஸ்டார்ட் கொடுத்தால், உடைந்த விளிம்பு அடுத்த ஜாப்பைக் கீறும், சில நேரம் ஹோல்டரையும் தின்னும். கரண்ட் போய் வந்தால் லென்ஸை எடுத்து எல்லா முனையையும் பார்க்க வேண்டும் என்பது எழுதப்படாத விதியாக இருக்கிறது. அதை எழுதி எந்திரத்தின் மேல் ஒட்ட வேண்டும்.

அதிக ஜாப்பைக் கொல்வது மூன்றாவது பொறி. வெளிவிட்டம் கடையும் டூல் தேயத் தேய ஜாப் பெருக்கும். ஆபரேட்டர் வியர் ஆஃப்செட்டில் 0.01, மறுபடி 0.01 என்று குறைத்துக்கொண்டே வருவார். நாற்பது ஜாப் கழித்து வியர் பக்கத்தில் மைனஸ் 0.04 நிற்கும். இப்போது முனையைத் திருப்புகிறார். வியரைப் பழையபடி வைக்க மறந்துவிடுகிறார். புது முனை, பழைய திருத்தம்: முதல் ஜாப் 0.04 குறைந்து வரும். குறைந்த வெளிவிட்டத்தை யாராலும் கூட்ட முடியாது. போரிங்கில் இதே கதை தலைகீழாக நடந்து, துளை பெருத்துவிடும். திருத்தத்தைத் திரும்பப் பெற்றாலும் முழு நிம்மதி இல்லை. சிஎன்எம்ஜி என்ற பெயரில் மூன்றாவது எழுத்தான எம் ஒரு டாலரன்ஸ் வகுப்பு. 12.7 மி.மீ. இன்சர்ட்டுக்கு அந்த வகுப்பில் ஏற்கப்படும் வேறுபாடு கூட்டல் கழித்தல் 0.08 மி.மீ. முனை மாறினால் அளவு மாறும் என்று பெயரிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே முனை திருப்பியதும் வேண்டுமென்றே 0.1 கூடுதலாக விட்டு முதல் ஜாப்பைக் கடைந்து, அளந்து, திருத்தி, மறுபடி ஒரு ஃபினிஷ் ஓட்டுவதுதான் முறை. முனை திருப்ப 2 நிமிடம் என்று மேலே சொன்னது திருகைக் கழற்றி மாட்டும் நேரம் மட்டும். இதையும் சேர்த்தால் ஐந்தாறு நிமிடம் ஆகும். பலரும் முனையை மாற்றாமல் தள்ளிப்போடுவதற்குக் காரணம் இன்சர்ட் விலையைவிட இந்த நிமிடங்கள்தான்.

சரி, எந்த எண்ணைப் போடுவது? கேட்டலாக்கிலிருந்தோ பக்கத்துப் பட்டறையிலிருந்தோ எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரே இன்சர்ட், ஒரே வேகம், ஒரே ஜாப் என்றாலும் ஆயுள் ஒன்றுபோல் வராது. ஃபோர்ஜிங்கில் ஹீட் நம்பர் மாறினால் கடினம் மாறும். வார்ப்பிரும்பின் மெல்லிய மூலைகளில் சில் அடித்திருக்கும், தோலில் மணல் ஒட்டியிருக்கும். கூலன்டின் செறிவு வாரக் கடைசியில் ஒரு மாதிரி, தொட்டி நிரப்பிய நாளில் வேறு மாதிரி. பத்து முனைகளை வழக்கம்போல் ஓட்டி, எத்தனையாவது ஜாப்பில் எடுத்தோம், ஏன் எடுத்தோம் என்று எழுதி வைப்போம். சராசரி 80, மிகக் குறைந்தது 55 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 80ஐ எல்லையாக வைத்தால் ஏறக்குறைய பாதி முனைகள் அலாரம் வருமுன்பே முடிந்திருக்கும். 50 வைத்தால் எல்லா முனையும் பாதுகாப்பாக வெளியே வரும், ஆனால் நல்ல முனைகளின் ஆயுளில் கணிசமான பகுதி வீணாகும். ரிஜெக்ட் ஆகும் ஒரு ஃபோர்ஜிங்கின் விலை 400 ரூபாய், முனை 60 ரூபாய் என்றால் 50தான் சரி. ரஃபிங்கில், உடைந்தாலும் ஜாப் கெடாத இடத்தில், எல்லையை 70க்கு ஏற்றிப் பார்க்கலாம். எடுத்த முனைகளைத் தூக்கிப் போடாமல், எந்த ஜாப், எத்தனை எண்ணிக்கை என்று எழுதிய சிறு டப்பாக்களில் ஒரு மாதம் வைத்துப் பார்த்தால் பட்டறைக்கே சொந்தமான தேய்மானப் பதிவேடு கிடைத்துவிடும். லென்ஸை மொபைல் கேமரா முன் பிடித்துப் படமெடுத்தாலும் பட்டை தெளிவாகத் தெரியும்.

எண்ணாமலே டூல் நிலையை அறியும் வழிகளும் வந்துவிட்டன. ஸ்பிண்டில் லோடு மீட்டரைக் கன்ட்ரோலே கவனித்து, வரம்பு தாண்டினால் நிறுத்தும் வசதி பரவலாகியிருக்கிறது. பெரிய டிரில், ரஃபிங் கட்டர் இவற்றுக்கு அது நல்ல காவல். 3 மி.மீ. டிரில் தேய்வதும் உடைவதும் ஸ்பிண்டில் லோடில் தெரியவே தெரியாது. அதற்கு நுனியைத் தொட்டுப் பார்க்கும் செட்டரோ லேசரோ வேண்டும். ஒலி, அதிர்வு, மின்னோட்டம் இவற்றைக் கொண்டு தேய்மானத்தைக் கணிக்கும் ஆராய்ச்சி உலகெங்கும் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. ஒரே ஜாப்பை ஆண்டுக்கணக்கில் ஓட்டும் பெரிய ஆலைகளுக்கு அது பயன்படும். வாரத்துக்கு மூன்று ஜாப் மாற்றும் பட்டறைக்கு, நேர்மையாக எழுதப்பட்ட எண்ணிக்கையே இன்று நம்பத்தக்க வழி.

முனை என்பது 60 ரூபாய் மட்டும்தானா என்பதையும் யோசிக்க வேண்டும். 1927இல் ஜெர்மனியின் க்ருப் நிறுவனம் விடியா என்ற பெயரில் லைப்சிக் சந்தையில் காட்டிய அதே பொருள்தான் இன்றும் இன்சர்ட்டின் உடல்: டங்ஸ்டன் கார்பைடு, அதைப் பிணைக்கக் கொஞ்சம் கோபால்ட். நடுத்தர இன்சர்ட் ஒன்று பத்து கிராம் அளவு இருக்கும். உலக டங்ஸ்டனில் ஐந்தில் நான்கு பங்கு சீனாவிலிருந்து வருகிறது. 2025 பிப்ரவரியில் அந்நாடு அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. நம் மாநிலத்திலேயே இதன் மறுமுகத்தைப் பார்த்தோம். மதுரை மாவட்டம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து அரிட்டாபட்டி மக்களும் சுற்றுவட்டாரக் கிராமங்களும் எழுந்தனர். 2024 டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த மலையும் சுனைகளும் காப்பாற்றப்பட்டது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அப்படி மகிழ்கிறவர், தன் பட்டறையில் ஆறு முனை கொண்ட டபிள்யூஎன்எம்ஜி இன்சர்ட்டை நான்கே முனையில் குப்பையில் போடுவதைக் கண்டும் காணாமல் இருக்க முடியாது. ஃபினிஷிங்குக்கு முடிந்த முனை ரஃபிங்குக்கு இன்னும் ஓடும். முழுதும் முடிந்த இன்சர்ட்டைக் கிலோக் கணக்கில் வாங்குவதற்கு ஆள் இருக்கிறார்கள். இரும்புச் சீவலோடு கலந்து போவதுதான் இழப்பு.

கடைசியாக மனிதர்கள். 51ஆவது ஜாப்பில் அலாரம் வந்தால் என்ன நடக்கிறது என்பதில்தான் இந்த ஏற்பாட்டின் உயிர் இருக்கிறது. முனையைத் திருப்பாமல் மாறியை மட்டும் பூஜ்யமாக்கி ஸ்டார்ட் கொடுத்தால், அதன் பிறகு வரும் எல்லா எண்ணும் பொய். அப்படிச் செய்பவர் பொறுப்பில்லாதவர் என்று சட்டென்று சொல்லிவிடக் கூடாது. பல இடங்களில் ஆபரேட்டர் ஒப்பந்தக்காரரின் ஆள், அல்லது பயிற்சியாளர். முன்கூட்டியே முனை திருப்பினால் ஸ்டோரில் கேள்வி வரும்; தாமதித்தால் தரப் பிரிவில் கேள்வி வரும். எண்ணிக்கை எழுதி வைத்த பட்டறையில் அவர் கையில் ஒரு காரணம் இருக்கிறது: அலாரம் வந்தது, திருப்பினேன். எல்லையை வைப்பவர் செட்டர். எல்லையைத் தொட்டதும் திருப்பும் உரிமை ஆபரேட்டருக்கு. எல்லைக்கு முன்பே சத்தமோ பிசிறோ சரியில்லை என்று தோன்றினால் நிறுத்தும் உரிமையும் அவருக்கே. அப்படி நிறுத்தியதை அவர் பதிவேட்டில் எழுத வேண்டும், அடுத்த லாட்டில் செட்டர் அதைப் பார்த்து எல்லையை மாற்ற வேண்டும்.

இதைப் பள்ளிப் பாடம்போலச் சொல்லித்தர இப்போது இடமும் இருக்கிறது. தமிழ்நாடு அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களில் தொழில் 4.0 மையங்களை அமைக்கும் திட்டத்தை எடுத்து, 2023இல் ஒரகடத்தில் தொடங்கிவைத்தது. டர்னர் பிரிவில் இரண்டாம் ஆண்டு சிஎன்சி பாடமாகவே இருக்கிறது. புரோகிராம் எழுதவும் ஜாப் கடையவும் அங்கே நன்றாகவே பழக்குகிறார்கள். சுற்றுவட்டாரப் பட்டறைகளிலிருந்து ஓடி முடிந்த முனைகளை வாங்கி வந்து, மாணவர்கள் கையில் லென்ஸைக் கொடுத்து, பட்டையை அளக்கவும், எது தேய்ந்தது, எது சிதறியது, எது கரண்ட் போனதில் உடைந்தது என்று பிரிக்கவும், தங்கள் கையால் மூன்று வரி மேக்ரோவை எழுதி 3000ஆம் அலாரத்தை வரவழைக்கவும் இரண்டு வாரம் ஒதுக்கினால் போதும். உத்திரமேரூரிலிருந்து பஸ் ஏறும் பிள்ளை முதல் நாள் வேலைக்குப் போகும்போதே, செட்டரிடம் கேட்க வேண்டிய கேள்வியோடு போவான்: அண்ணா, இந்த டூலுக்கு எத்தனை வெச்சிருக்கீங்க, அது எந்தக் கணக்குல வந்துச்சு?